ஆதாரும் ரேஷன் அட்டையும் இல்லாதவருக்குப் பெரியாஸ்பத்திரியில் வைத்தியம் கிடைக்குமா?

உங்கள் கேள்வியை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன், இதே நிலையில் இருக்கிற மற்றவர்களுக்கும் பயன்படட்டும். மதுரை சிம்மக்கல்லில் உங்கள் கடை வாசலில் இரண்டு வருஷமாக ராத்திரி படுக்கிற பெரியவர். முன்பு மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். வலது கால் பெருவிரலுக்குக் கீழே புண், ஓரம் கறுத்து வாடை வருகிறது. சர்க்கரை இருப்பதாக அவரே சொல்கிறார். ஆதார், ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை எதுவும் கையில் இல்லை. முதலமைச்சர் காப்பீட்டில் சேர்த்த பிறகு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதா, அட்டை இல்லாமல் போனால் பார்ப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அட்டைக்காகக் காத்திருக்க வேண்டாம். நாளைக் காலையே கூட்டிக்கொண்டு போங்கள். பனகல் சாலையில் இருக்கிற அரசு இராஜாஜி மருத்துவமனையில், அதாவது நம் பெரியாஸ்பத்திரியில், ஓ.பி. சீட்டுப் போடப் பெயர், வயசு, ஊர் சொன்னால் போதும். ஊர் என்று சொல்ல ஒன்றும் இல்லையென்றால் சிம்மக்கல் என்றே சொல்லுங்கள். போன் நம்பர் கேட்டால் உங்களுடையதைக் கொடுங்கள். அவருக்குக் காய்ச்சல் அடித்தாலோ, உடம்பு நடுங்கினாலோ, பேச்சு குழறினாலோ நாளை வரைக்கும்கூடப் பொறுக்காதீர்கள். இன்று ராத்திரியே 108-ஐக் கூப்பிடுங்கள். அவசரப் பிரிவு விடிய விடியத் திறந்திருக்கும். சர்க்கரைக்காரர் காலில் வரும் கறுத்த புண்ணுக்கு ஒரு வாரம் என்பது பெரிய கால அளவு. விரலோடு போக வேண்டியது முழங்காலுக்குக் கீழே வரை போவதற்கு அது போதும். மதுரையிலும் சுற்று மாவட்டங்களிலும் அரசு மருத்துவமனைகளில் 20 வருஷத்துக்கு மேல் மருத்துவ சமூகப் பணியாளராக இருந்தேன். அட்டை வாங்கிவிட்டு வருகிறோம் என்று திரும்பிப் போய், மூன்று வாரம் கழித்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

இனி காப்பீடு. அரசு ஆஸ்பத்திரியில் பெரிய வைத்தியம் செய்ய வேண்டுமென்றால் காப்பீடு இருந்தாக வேண்டும் என்று ஜனங்கள் மனசில் பதிந்துவிட்டது. அப்படி இல்லை. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்று தொடங்கியது, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது, 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தது. இன்றைக்கு ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்ச ரூபாய் வரை. குடும்பத்தின் வருஷ வருமான வரம்பு முன்பு 72,000 ரூபாயாக இருந்தது, இப்போது 1,20,000. தனியார் ஆஸ்பத்திரியில் காசு கட்ட முடியாதவருக்கு அரசு கட்டுவதுதான் இதன் அடிப்படை. அரசு ஆஸ்பத்திரியில் வைத்தியம் எப்போதும்போல இலவசம். அங்கே காப்பீட்டு அட்டை உள்ள நோயாளி வந்தால், அந்தச் சிகிச்சைக்கான தொகை காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து ஆஸ்பத்திரிக்கு வரும். அட்டை இல்லாதவர் வந்தால் அந்தத் தொகை வராது, அவ்வளவுதான். அதற்காக அவருக்கு ஆபரேஷன் நிற்கக் கூடாது.

ஆனால் உள்ளபடி சொன்னால், சில இடங்களில் அட்டை இல்லாதது உறுத்தும். எலும்புக்கு வைக்கிற பிளேட், இதய ரத்தக்குழாய்க்கு வைக்கிற ஸ்டென்ட் மாதிரி விலை கூடிய பொருள்களைக் காப்பீட்டுத் தொகையில்தான் பெரும்பாலும் வாங்குவார்கள். சில ஸ்கேன்களுக்குக் கட்டணம் உண்டு. அந்த நேரத்தில் வார்டிலேயே நின்று வாதம் செய்து பலனில்லை. நிலைய மருத்துவ அலுவலரைப் போய்ப் பாருங்கள், ஆர்.எம்.ஓ. என்று கேட்டால் அறையைக் காட்டுவார்கள். ‘ஆதரவற்றவர், கூட யாரும் இல்லை, கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய வேண்டும்’ என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். இப்படிப்பட்டவர்களுக்குச் செலவு செய்யத்தான் நோயாளிகள் நலச் சங்கம் என்று ஒன்று அரசு மருத்துவமனைகளில் இருக்கிறது. வாயால் கேட்டால் மறந்துபோகும், தாளில் இருந்தால் யாராவது ஒருவர் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

சட்டமும் உங்கள் பக்கம்தான். 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம், உயிர் ஆபத்தில் வருகிறவருக்கு முதலில் வைத்தியம், போலீஸ் நடைமுறை பிறகு என்று சொல்லிவிட்டது. அது அரசு டாக்டருக்கும் பொருந்தும், தனியார் டாக்டருக்கும் பொருந்தும். 1996-இல் இன்னொரு தீர்ப்பு. மேற்கு வங்கத்தில் ஹக்கீம் ஷேக் என்ற விவசாயக் கூலித் தொழிலாளி ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். ஒவ்வோர் அரசு ஆஸ்பத்திரியாகக் கொண்டுபோனார்கள்; படுக்கை இல்லை, வசதி இல்லை என்று எல்லா இடத்திலும் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் தனியார் ஆஸ்பத்திரியில் சொந்தச் செலவில் வைத்தியம் நடந்தது. நேரத்துக்கு வைத்தியம் தராதது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தருகிற வாழும் உரிமையை மீறுவது என்றும், பணம் இல்லை என்பது அரசு சொல்லக்கூடிய காரணம் இல்லை என்றும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேஷுவாலிட்டி வாசலில் இதையெல்லாம் ஒப்பிக்கத் தேவை வராது. நீங்கள் கெஞ்சிக் கேட்கவில்லை, உரிமையைக் கேட்கிறீர்கள் என்ற தெளிவு உங்களுக்கு இருந்தால் போதும்.

அப்படியானால் வீடில்லாதவருக்கு எல்லாம் சரியாக இருக்கிறதா என்றால், இல்லை. நோவு வேறு இடத்தில் இருக்கிறது.

வார்டுக்குள் போனதும் கேட்கிற முதல் கேள்வி நோயைப் பற்றி இருக்காது. “கூட யாரு இருக்கா?” என்பதுதான். நம் அரசு ஆஸ்பத்திரிகளின் நடைமுறையே கூட ஒரு ஆள் இருப்பதை நம்பி நிற்கிறது. ரத்தச் சாம்பிளை லேபுக்குக் கொண்டுபோக, ரிப்போர்ட் வாங்கிவர, எக்ஸ்ரேக்குத் தள்ளுவண்டியைப் பிடிக்க, வெந்நீர் வாங்க, மலஜலம் எடுக்க, ராத்திரி டிரிப்ஸ் முடிந்தால் நர்ஸைக் கூப்பிட, எல்லாவற்றுக்கும் ஒரு ஆள். கூட ஆள் இல்லாதவருக்கு யாரும் வைத்தியத்தை மறுக்க மாட்டார்கள். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு நாள், இரண்டு நாள் தள்ளிப்போகும். பேச முடியாத நிலையில் வந்தால் பெயர் எழுதுகிற இடத்தில் ‘அன்னோன்’, அதாவது யாரென்று தெரியாதவர், என்று போடுவார்கள். அதற்கப்புறம் அவர் பெயரே அதுதான். உங்களால் அவருக்குச் செய்ய முடிந்த மிகப் பெரிய உதவி காப்பீட்டு அட்டை வாங்கித் தருவது இல்லை. முதல் மூன்று நாள் காலை நேரத்தில் பக்கத்தில் ஒரு ஆள் நிற்பது. உங்களால் முடியாவிட்டால் கடைப்பையன், பக்கத்துக் கடைக்காரர் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். காலையில் பெரிய டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வரும் நேரத்தில் ஒருவர் பக்கத்தில் நின்று, “அய்யா, இவருக்கு அடுத்து என்னங்க?” என்று கேட்டால் போதும், எழுதி வைத்த சோதனைகள் எல்லாம் அன்றைக்கே நடக்கும்.

இரண்டாவது நோவு டிஸ்சார்ஜில் இருக்கிறது. எனக்கு இன்னும் மனசில் நிற்கிற ஒருவர் உண்டு. யானைக்கல் பக்கம் படுக்கிறவர், அவருக்கும் சர்க்கரைப் புண்தான். இரண்டு விரலை எடுத்தார்கள், புண் நன்றாகச் சிவந்து ஆற ஆரம்பித்திருந்தது. டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருந்தார்கள்: தினமும் கட்டு மாற்றவும், காலை ஊன்றாமல் ஓய்வில் வைக்கவும், இன்சுலினைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவும், வேளா வேளைக்குச் சாப்பிடவும், வாரம் ஒருமுறை வந்து காட்டவும். ஒவ்வொரு வரியும் நல்ல யோசனை. ஒவ்வொரு வரிக்குள்ளும் ஒரு வீடு இருக்கிறது. அந்த வீடு இல்லாதவர் கையில் சீட்டைக் கொடுத்து வாசல் வரை கொண்டுவந்து விட்டோம். அந்த டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். அதே வார்டில் மூன்று பேர் படுக்கைக்காகத் தரையில் பாய் விரித்துக் காத்திருந்தார்கள். மூன்று வாரம் கழித்துப் புழு வைத்த காலோடு ஆம்புலன்ஸில் வந்தார். பனியிலும் புழுதியிலும் கட்டு நனைந்து, பிரிக்க ஆள் இல்லாமல், அதன் மேலேயே துணியைச் சுற்றி நடந்திருக்கிறார். முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். முதல் ஆபரேஷனும் இலவசம், இரண்டாவதும் இலவசம். நடுவில் அந்த மூன்று வாரத்துக்கு ஒரு கட்டிலும் ஒரு கட்டு மாற்றுகிற கையும் கொடுக்க எந்தத் திட்டத்திலும் இடம் இல்லாமல் போனது.

காப்பீடு என்று நாம் சொல்வதன் எல்லை இதுதான். முதலமைச்சர் காப்பீடானாலும் ஆயுஷ்மான் பாரத் ஆனாலும், அடிப்படையில் படுக்கையில் சேர்ந்து செய்துகொள்கிற சிகிச்சைக்குத்தான் பணம். பாலத்தடியில் உட்கார வைத்து ஒரு நர்ஸ் புண்ணைக் கழுவிக் கட்டினால் அது எந்தக் கணக்கிலும் ஏறாது. வெட்டி எடுக்கிற ஆபரேஷனுக்குத் தொகை உண்டு. வெட்டாமல் காப்பாற்றுகிற கட்டுக்கு இல்லை.

அமெரிக்காவில் இதே சிக்கல் வேறு விதமாக வந்தது. அங்கே பிட்ஸ்பர்க் நகரத்தில் ஜிம் விதர்ஸ் என்ற டாக்டர் 1992 முதல் ராத்திரி நேரத்தில் பாலத்தடிகளுக்கும் ஆற்றங்கரைக்கும் நடந்தே போய் வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார். தெரு மருத்துவம் என்று அதற்கு ஒரு பெயரே வந்தது, பல ஊர்களில் பரவியது. ஆனால் ஏழைகளுக்கான அவர்களுடைய மெடிகெய்ட் திட்டத்தில் பணம் கேட்கும்போது, சிகிச்சை எங்கே நடந்தது என்பதற்கு ஒரு எண் போட வேண்டும். டாக்டர் அறை என்றால் 11, நோயாளி வீடு என்றால் 12, வீடற்றோர் விடுதி என்றால் 04. தெரு என்று ஒரு இடமே அந்தப் பட்டியலில் இல்லை. 2023 அக்டோபர் 1 முதல்தான் தெருவுக்கென்று 27 என்ற எண்ணைச் சேர்த்தார்கள். எண்ணைச் சேர்த்ததால் மட்டும் எல்லா மாநிலத்திலும் பணம் வந்துவிடாது, அதை ஏற்பது அந்தந்தத் திட்டத்தைப் பொறுத்தது. ஆனாலும் நடைபாதையும் வைத்தியம் நடக்கிற ஓர் இடம்தான் என்று ஓர் அரசாங்கம் காகிதத்தில் ஒத்துக்கொண்டது.

நமக்கு அந்த எண் தேவையில்லை. நம் ஊரில் ஒவ்வொரு ஊசிக்கும் பில் போட்டு அரசு வைத்தியம் நடப்பதில்லை. சம்பளம் வாங்குகிற டாக்டரும் நர்ஸும் ஒரு பகுதிக்குப் பொறுப்பாக இருக்கிறார்கள். அந்தப் பகுதியின் பட்டியலில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு வைத்தியம் தானாகப் போய்ச் சேரும். 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் நல்ல திட்டம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது, படுத்த படுக்கையாக இருப்பவருக்கு இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்புச் சிகிச்சையும் வருகிறது. அந்தத் திட்டத்தில் வேலை செய்கிற பெண் தன்னார்வலர்கள் தெருத் தெருவாக நடப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்கள் கையில் இருக்கிற பட்டியல் வீட்டு எண்படி போட்டது. உங்கள் கடை எண் அதில் இருக்கலாம், கடை வாசல் இருக்காது. மருந்துப் பையோடு அந்தப் பெண் உங்கள் பெரியவரைக் கடந்துதான் அடுத்த வீட்டுக்குப் போயிருப்பார்.

முடியாத காரியம் ஒன்றும் இல்லை இது. தேர்தல் ஆணையம் இதை எப்போதோ செய்துவிட்டது. வீடற்றவர் வாக்காளர் பட்டியலில் சேர 6-ஆம் எண் படிவம் கொடுத்தால் முகவரிச் சான்று கேட்கக் கூடாது. வாக்குச்சாவடி நிலை அலுவலர் ராத்திரி நேரத்தில் அந்த இடத்துக்குப் போய், அவர் அங்கேதான் படுக்கிறாரா என்று ஒரு நாளைக்கு மேல் பார்த்து உறுதி செய்ய வேண்டும், அதுவே சான்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் பிப்ரவரி 28 ராத்திரி வீடற்றவர்களைத் தனியாக எண்ணினார்கள். நடைபாதை, பாலத்தடி, பெரிய சிமெண்ட் குழாய், கோயில் மண்டபம், ரயில் பிளாட்பாரம் என்று தேடிப்போய் எண்ணியதில் நாடு முழுக்க 17.7 லட்சம் பேர். ஓட்டுக்கும் தலைக்கணக்குக்கும் ராத்திரி போக முடிந்த அரசாங்கத்தால் புண்ணுக்கும் போக முடியும். சிம்மக்கல், யானைக்கல், பெரியார் பஸ் நிலையம், ரயிலடி, மங்கம்மாள் சத்திரத்துப் பக்கம், கோரிப்பாளையம், மாட்டுத்தாவணி, திருப்பரங்குன்றம் அடிவாரம் என்று மதுரையில் எந்தெந்த இடத்தில் யார் படுக்கிறார்கள் என்பது டீக்கடைக்காரருக்கும் பீட் போலீஸுக்கும் அத்துப்படி. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தின் பட்டியலில் இந்த இடங்களை எழுதி, மாதத்தில் இரண்டு ராத்திரி ஒரு நர்ஸும் ஒரு தன்னார்வலரும் போனால் போதும். காப்பீட்டு வரம்பை 5 லட்சத்திலிருந்து 10 லட்சமாக உயர்த்துவதைவிட இது உங்கள் பெரியவருக்கு அதிகம் செய்யும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, அட்டை வாங்க வழியே இல்லையா என்றால், இருக்கிறது, ஆனால் சுற்று வழி. காப்பீட்டு அட்டைக்கு ரேஷன் அட்டையும் கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்றும் வேண்டும். ரேஷன் அட்டைக்குத் தனி வீடு, தனிச் சமையல் இருக்க வேண்டும். அடுப்பே இல்லாதவர் எங்கே போவார்? ஆயுஷ்மான் பாரத் திட்டத்துக்கு அடிப்படையான 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி, கிராமப்புறத்தில் வீடில்லாதவர்கள் கேள்வியே இல்லாமல் சேர வேண்டியவர்கள். நகர்ப்புறத்தில் 11 தொழில் பிரிவுகளைச் சேர்த்தார்கள். பிச்சை எடுப்போரும், குப்பை பொறுக்குவோரும், மூட்டை தூக்குகிற கூலிகளும் அதில் உண்டு. ஆக உங்கள் பெரியவர் உரிமைப்படி அந்தத் திட்டத்துக்கு உள்ளே இருக்க வேண்டியவர். 2011-இல் எந்த ஊரில் எந்தத் திண்ணையில் படுத்திருந்தாரோ, அங்கே யாராவது அவர் பெயரை எழுதியிருந்தால்.

நடைமுறையில் ஆதாரிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். முன்பு எடுத்துத் தொலைத்திருந்தால் கைரேகை வைத்து எண்ணைக் கண்டுபிடித்துவிடலாம். மூட்டை தூக்கிய கையில் ரேகை தேய்ந்திருந்தால் கண்விழியை வைத்துப் பார்ப்பார்கள். எடுக்கவே இல்லையென்றால், அங்கீகரிக்கப்பட்ட காப்பக விடுதியின் பொறுப்பாளர் அதற்கென்று உள்ள படிவத்தில் தருகிற சான்றை முகவரிச் சான்றாக ஏற்பார்கள். மாநகராட்சியின் வீடற்றோர் விடுதி இங்கேதான் உதவும். 2013-இல் வந்த மத்திய அரசின் நகர்ப்புற வீடற்றோர் தங்குமிடத் திட்டத்தின்படி ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு விடுதி, 24 மணி நேரமும், வருஷம் முழுக்கவும் இயங்க வேண்டும் என்பது அதன் விதியாக இருந்தது. 2011 கணக்கிலேயே மதுரை மாநகராட்சி 10 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அப்படியானால் குறைந்தது 10 விடுதி வேண்டும். விடுதியில் சேர்ந்தால் முகவரி, முகவரி வந்தால் ஆதார், ஆதார் வந்தால் வங்கிக் கணக்கு, அதன் பிறகு மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகைக்கு மனு. காப்பீட்டுக்குக் கலெக்டர் ஆபீஸில் உள்ள பதிவு மையத்தில் கேளுங்கள். 1800 425 3993 என்ற இலவச எண்ணிலும் கேட்கலாம். இதற்கெல்லாம் மாதக்கணக்கில் ஆகும். அதனால்தான் இதைச் சிகிச்சைக்கு முன்னால் வைக்காதீர்கள் என்கிறேன்.

விடுதி பற்றி ஒரு எச்சரிக்கை. பெரும்பாலான விடுதிகள் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறவர்களுக்குத்தான் ஒத்துவரும். ஆபரேஷன் முடிந்து காலை ஊன்ற முடியாதவரை அனுப்பினால் அவர்களும் திணறுவார்கள், இவரும் திணறுவார். ஆஸ்பத்திரியில் வைத்திருக்கும் அளவுக்கு நோய் இல்லை, தெருவுக்கு அனுப்பும் அளவுக்குத் தேறவும் இல்லை, அந்த இடைப்பட்ட நாள்களுக்கென்றே தேறும் விடுதிகள் அமெரிக்க நகரங்களில் இருக்கின்றன. பனகல் சாலையை ஒட்டி 20 கட்டில், ஒரு நர்ஸ், மூன்று வேளை சாப்பாடு என்று மதுரையில் ஒன்று வந்தால் எத்தனை கால் மிஞ்சும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

உங்கள் பெரியவருக்குப் பொருந்தாது, ஆனாலும் இதைப் படிக்கிற யாருக்காவது உதவலாம் என்பதால் இரண்டு மூன்று விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். ரோட்டில் வண்டி மோதிக் கிடப்பவர் என்றால் 2021 டிசம்பரில் வந்த ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான். அட்டை, வருமானம், எந்த மாநிலம் என்ற கேள்வியே கிடையாது. வீடற்றவருக்கும் வீட்டுக்காரருக்கும் வித்தியாசம் பார்க்காத திட்டம் ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். மனநிலை பாதித்துத் தெருவில் திரிபவர் என்றால், 2017 மனநலச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு, ஏழை என்பதற்கான அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், வீடற்றவருக்கு அரசு மனநலச் சிகிச்சை முழுக்க இலவசம் என்று சொல்கிறது. 100-ஆவது பிரிவு போலீஸின் கடமையைச் சொல்கிறது: அவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்தில் காட்ட வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது, காணாமல்போனவர் என்று பதிவு செய்து குடும்பத்தைத் தேட வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருப்பவரைச் சளிப் பரிசோதனைக்குக் கூட்டிப்போங்கள். காசநோய் மருந்து முழுக்க இலவசம், தங்கிச் சிகிச்சை பெற வேண்டியவர்களுக்குத் தோப்பூரில் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை இருக்கிறது.

மறுபடி உங்கள் பெரியவரிடம் வருகிறேன். முதலில் அவரிடம் கேளுங்கள். இரண்டு வருஷமாக உங்கள் வாசலில் படுக்கிறவர், உங்கள் கடிதத்தில் அவர் பெயர் இல்லை. பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போவோமா என்று கேளுங்கள். வரமாட்டேன் என்றால் பிடிவாதம் என்று நினைத்துவிடாதீர்கள். காலை வெட்டிவிடுவார்கள் என்ற பயம் இருக்கும். அங்கிருந்து ஏதாவது இல்லத்தில் கொண்டுபோய் அடைத்துவிடுவார்கள் என்ற பயம் இருக்கும். பெரும்பாலும் நான் கேட்ட பதில் ஒன்றுதான்: “பையை எங்கிட்டு வைக்கிறது?” அந்தப் பையில்தான் அவருடைய சொத்து முழுக்க இருக்கும். பையை உங்கள் கடைக்குள் வைத்துப் பூட்டிக்கொள்கிறேன், திரும்பி வந்ததும் இதே வாசலில் படுத்துக்கொள்ளலாம் என்று வாக்குக் கொடுங்கள். பாதிப் பேர் அதற்கே எழுந்துவிடுவார்கள். குடிப்பழக்கம் இருந்தால் அதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். படுக்கையில் சேர்ந்து இரண்டாம் நாள் திடீரென்று கை நடுங்கிப் பிதற்ற ஆரம்பித்தால், அது எதனால் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஓ.பி. சீட்டு, சர்க்கரை அளவு எழுதின நோட்டு, டிஸ்சார்ஜ் சீட்டு, எல்லாவற்றையும் உங்கள் போனில் படம் எடுத்து வையுங்கள். தெருவில் படுக்கிறவரிடம் காகிதம் தங்காது. மழையில் போகும், இல்லையென்றால் யாராவது பையோடு எடுத்துப்போவார்கள். பழைய சீட்டு இல்லாமல் போனால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

இன்சுலின் எழுதினால், அவர் சாப்பிடுகிற நேரத்தை டாக்டரிடம் சொல்லுங்கள். இது முக்கியம். காலையில் டீயும் வர்க்கியும், மதியம் கோயில் அன்னதானமோ அம்மா உணவகமோ, ராத்திரி கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை, இதுதான் அவருடைய சாப்பாடு என்றால், ராத்திரி ஊசி போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு படுப்பது உயிருக்கே ஆபத்து. அதைச் சொன்னால் டாக்டர் மருந்தையும் வேளையையும் அதற்கேற்ப மாற்றித் தருவார். ஊசி மருந்தை வைக்க உங்கள் கடையில் பிரிட்ஜ் இல்லையென்றால் பக்கத்து டீக்கடையில் கேளுங்கள். கீழவாசலில் ஒரு டீக்கடை அண்ணன் பால் பாக்கெட்டுகளுக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவில் ஒருவருடைய இன்சுலினை ஒரு வருஷம் வைத்திருந்து, தினமும் காலையில் எடுத்துக் கொடுத்தார். அதுவும் அமையாவிட்டால் சின்ன மண்கலயத்தில் ஈர மணல் போட்டு, மருந்தைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி அதற்குள் நிழலில் வைக்கலாம். சித்திரை வெயிலில் அவர் பைக்குள் கிடப்பதைவிட எவ்வளவோ மேல்.

டிஸ்சார்ஜ் என்று சொல்லும் நாளுக்கு முந்தின நாளே வார்டு டாக்டரிடம், இவருக்கு வீடு இல்லை, கட்டு மாற்ற எங்கே போக வேண்டும் என்று எழுதித் தாருங்கள் என்று கேட்டுவிடுங்கள். உங்கள் பகுதி நகர்ப்புற நலவாழ்வு மையத்தில் கட்டு மாற்றலாம். சாயங்காலம் 4 மணியிலிருந்து 8 மணி வரையும் திறந்திருக்கும் என்பதால் கடையிலிருந்து ஒரு ஆளை அனுப்புவது உங்களுக்குச் சிரமமாக இருக்காது. அங்கே போகும்போது மக்களைத் தேடி மருத்துவம் பட்டியலில் இவர் பெயரையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். முகவரி கேட்டால் உங்கள் கடைப் பெயரைச் சொல்லி, அதன் வாசல் என்று எழுதச் சொல்லுங்கள். தயங்கினால் நீங்களே ஒரு மனுவாக எழுதி மாநகராட்சி நகர்நல அலுவலருக்குக் கொடுங்கள். புண் ஆறிய பிறகு வெறுங்காலோடு விடாதீர்கள். எம்.சி.ஆர். செருப்பு, அதாவது உணர்ச்சி குறைந்த காலுக்கென்று மெத்தென்ற ரப்பரில் செய்த செருப்பு, என்று கேட்டு, இரண்டு காலையும் அளவெடுத்து வாங்குங்கள். பின்பக்கம் வார் இருக்கிற மாதிரியாகப் பாருங்கள், உணர்ச்சி குறைந்த காலில் வார் இல்லாத செருப்பு கழன்று விழுவதே தெரியாது.